தேவதாஸும் மற்ற இருவரும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில், வேதாந்தம் ராகவையாவின் 1953-ம் வருஷத்துத் ‘தேவதாஸ்’ படத்தை மறுபடி பார்த்தேன். முடிந்ததும் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழவேற்காட்டில் மீன் விற்று அவரைப் படிக்கவைத்த தாயார் மட்டும், “அந்தப் பொண்ணு கதி இன்னா ஆச்சு தம்பி?” என்று என்னைக் கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாங்கள் பார்வதியைப் பார்க்கவேயில்லை. நாகேஸ்வர ராவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் நடிப்பு மோசம் என்பதல்ல என் புகார். அளவுக்கு மீறி நன்றாக நடித்துவிட்டார் என்பதே! கண் சொருகுவதற்காக வயிறு நிறையத் தயிர்ச் சாதம் சாப்பிட்டுவிட்டு இரவில் நடித்தார் என்று சொல்லுவார்கள். அந்தக் கண்ணோடு கண்டசாலாவின் குரலும் சேர்ந்துகொண்டால் நியாயம் எங்கே எடுபடும்?

சரத் சந்திரர் 1917-ல் வெளியிட்ட நாவலைப் புரட்டிப் பாருங்கள். ஊர்ப் பழிக்கு அஞ்சாமல் நள்ளிரவில் அவன் அறைக்குத் தனியே போகிறவள் பார்வதி. கல்கத்தாவுக்கு ஓடி, உன்மேல் அப்படியொன்றும் ஆசையில்லை என்று கடிதம் எழுதுகிறவன் அவன். பிறகு திரும்பி வந்து தூண்டில் கழியால் அவள் நெற்றியில் தழும்பு வைக்கிறான். சந்திரமுகியோ அவனுக்காகத் தன் தொழிலையே விட்டெறிகிறாள். துணிந்தவர்கள் இரு பெண்கள், கோழை ஒருவன்.

படத்தில் சாவித்திரியும் லலிதாவும் சோடையா? இல்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகளுள்ள ஜமீன்தாருக்குப் பார்வதி இரண்டாந்தாரமாகப் போகும்போது, “ஐயோ, தேவதாஸுக்கு இப்படி ஆயிற்றே!” என்றுதானே அழுகிறோம்?

கதைக்குப் பெயரே தேவதாஸ்தானே என்பீர்கள். பிமல் ராயின் 1955-ம் வருஷத்து இந்திப் படத்தில் சந்திரமுகியாக நடித்த நம் வைஜயந்திமாலா அதை ஒப்பவில்லை. துணை நடிகைக்கான பிலிம்பேர் பரிசு வந்தபோது, என் வேடம் பார்வதி வேடத்துக்குச் சமம் என்று மறுத்துவிட்டார். கர்வமாம்! முக்கோணத்துக்குப் பக்கம் மூன்று என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பேன்.

என் ஜாதிக்காரரையும் விடுவதற்கில்லை. கடைசிப் பக்கத்தில் சரத் பாபுவே, பார்வதி என்ன ஆனாளோ தெரியாது, விசாரிக்கவும் மனமில்லை என்று நழுவி, தேவதாஸுக்காக மட்டும் இரங்கச் சொல்லுகிறார். அந்த நழுவலைத்தான் நாகேஸ்வர ராவ் மூன்று மணி நேரத்துக்கு நீட்டிவிட்டார்.

தாயாரிடம் உள்ளபடி சொன்னேன்.

“நல்லாக் கீது தம்பி உங்க நாயம்!” என்று உலை வைக்கப் போய்விட்டார்.