காங்கோ மக்களின் ரத்தத்தில் பிறந்த மருந்து யாருக்குச் சொந்தம்?

ஐந்தே ஊசிகள்! 1976-ல் காங்கோ நாட்டின் யாம்புக்கு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகளுக்கென்று தினமும் காலையில் எடுத்து வைத்தவை அவ்வளவுதான். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவற்றையே வெந்நீரில் அலசி அலசிக் குத்தினார்கள். பின்னால் எபோலா என்று பெயர் பெற்ற கொடிய காய்ச்சல் பலருக்கு அந்த ஊசி வழியாகவே ஏறியது. 318 பேரைப் பிடித்தது. 280 பேரை மாய்த்தது. ஆஸ்பத்திரி ஊழியர் 17 பேரில் 11 பேர் மாண்டனர்.

கொன்றது கிருமி மட்டும்தானா? இல்லை. ரப்பரையும் செம்பையும் வாரிக்கொண்டு போன பெல்ஜிய ஆட்சி 1960-ல்தான் ஒழிந்தது. பின்னால் வந்த மொபுட்டு சர்க்கார் தன் பையை நிரப்பியதே தவிர, கிராமத்து ஆஸ்பத்திரியை நிரப்பவில்லை. பூமிக்கடியில் செல்வம் குவிந்த நாட்டில் ஊசிக்குப் பஞ்சம்!

அந்தக் கிராமத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்த விஞ்ஞானிகளில் ஒருவர் டாக்டர் ஜான் ஜாக் முயெம்பே. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்தார். நோயுற்ற கன்னிகாஸ்திரீ ஒருவரைத் தலைநகர் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்து, அவருடைய ரத்தத்தைப் பெல்ஜியத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அதில்தான் புதிய கிருமி தென்பட்டது. ஆனால் கண்டுபிடித்த புகழ் நெடுங்காலம் வெள்ளை நாட்டு விஞ்ஞானிகளுக்கே போயிற்று.

கிராமத்து ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. அம்மை நோயைக் கண்டு பழகிய பெரியவர்கள் பாதைகளை மறித்தனர். நோயாளிகளைத் தனிக் குடிசைகளில் வைத்தனர். படிப்பில்லாதவர்கள் என்று இகழப்பட்டவர்களின் அனுபவ அறிவு அது!

1995-ல் கிக்விட் நகரில் எபோலா மீண்டும் தாக்கியது. நோயிலிருந்து பிழைத்தவர்களின் ரத்தத்தை முயெம்பேயும் தோழர்களும் எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினர். ஏழு பேர் பிழைத்தனர். இது போதிய சான்றாகாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விஞ்ஞானத்துக்கு நியாயமே. ஆனால் அந்த வழியில் பிறந்த மருந்தைச் சோதித்து முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்றே! நோய் பணக்கார நாட்டில் வந்திருந்தால் இத்தனை காலம் காத்திருப்பார்களா?

முயெம்பே விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து, நோயை எதிர்க்கும் பொருளைக் காங்கோ விஞ்ஞானிகளும் அமெரிக்க சர்க்கார் ஆய்வுக்கூடமும் சேர்ந்து பிரித்தெடுத்தனர். 2018 நவம்பரில் காங்கோ மண்ணிலேயே சோதனை தொடங்கியது. பழைய மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேர் இறந்தனர். இதைப் பெற்றவர்களில் 35 பேர். உடலில் கிருமி பெருகுமுன் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர்.

மருந்து வந்தது. ஆனால் ஜனங்கள் வரவில்லை. ஏன்?

கிழக்குக் காங்கோவின் பெனி வட்டாரத்தில் ஆயுதக் கும்பல்கள் 2014 முதல் கிராமத்தாரைக் கொன்று குவித்தபோது காப்பாற்ற நாதியில்லை. தட்டம்மையில் குழந்தைகள் மடிந்தார்கள். 2019-ல் பரவிய அந்தக் கொள்ளைநோய் நாடு முழுவதும் 6,000 பேருக்கு மேல் பலி கொண்டது. எபோலாவைக் காரணம் காட்டி 2018 டிசம்பர் தேர்தலில் பெனி, புட்டெம்போ மக்களின் வாக்குரிமையும் தள்ளிவைக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, ஒரே ஒரு நோய்க்காக மட்டும் மோட்டார் வண்டிகளும் போலீஸ் காவலும் வந்து இறங்கினால், சந்தேகம் எழாதா? சிகிச்சை நிலையங்கள் தாக்கப்பட்டன. உயிரைப் பணயம் வைத்த மருத்துவ ஊழியர்கள் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைகளை நாம் கண்டிக்கிறோம். ஆனால் “மூடநம்பிக்கை” என்ற ஒற்றைச் சொல்லால் ஜனங்களின் குமுறலை மூடி மறைப்பதையும் ஏற்கமாட்டோம்.

நிலைமையை மாற்றியது உத்தரவு அல்ல, பேச்சுவார்த்தை. நோயிலிருந்து பிழைத்தவர்களே பிள்ளைகளைப் பராமரிக்கும் தாதிகளானார்கள். உள்ளே படுத்திருப்பவரை வெளியிலிருந்தே சொந்தக்காரர்கள் பார்க்கும்படி கண்ணாடி போன்ற சுவர் கொண்ட அறைகள் அமைந்தன. இறந்தவரைக் குடும்பத்தார் எதிரிலேயே, பிரார்த்தனையோடு, நோய் பரவாதபடி அடக்கம் செய்தனர். 3,470 பேரைப் பிடித்து 2,287 பேரைக் கொன்ற அந்த நோய் 2020 ஜூன் 25-ல் முடிவுக்கு வந்ததாக அறிவித்தார்கள்.

இனி ஒரு கேள்வி. ரத்தம் கொடுத்தவர் காங்கோக்காரர். சோதனைக்கு உடலைக் கொடுத்தவர்கள் காங்கோ ஏழைகள். ஆனால் மருந்தைச் செய்து விற்கும் உரிமை அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கையில்! தறியில் நெய்தவனுக்குத் துணியில்லை, உழுதவனுக்கு நெல்லில்லை என்ற கதையை அறிந்த நமக்கு, இது புதிய கதையா?

கொள்ளைநோயின் போது எடுத்த ரத்த மாதிரிகள் காங்கோவிலேயே இருக்கவேண்டும் என்று முயெம்பே உறுதியாக நின்றார். அது ஆரம்பம்தான். மருந்தும் அந்த மண்ணிலேயே தயாராக வேண்டும். யாம்புக்கு போன்ற ஒவ்வொரு கிராமத்துக்கும் விலையின்றிப் போய்ச் சேர வேண்டும். தட்டம்மைக்கும் மலேரியாவுக்கும் அதே வேகத்தில் வண்டி வரவேண்டும். மக்களிடம் பேசாத விஞ்ஞானம் வாசலிலேயே நின்றுவிடும். மக்களுக்குச் சொந்தமாகாத விஞ்ஞானமோ கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் போய் முடியும். காங்கோவின் பாடம் இதுவே!