வெற்றுக் குப்பியில் இருந்த ஈயம்

ரசம் வைப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் போற்றிப் பாதுகாக்கப்படும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆகியிருக்கவேண்டியது என்பதையும், காரீயம் என்னும் வேறோர் உலோகம் அதில் கலந்துவிடுமானால் ரசத்தின் புளிப்பு அதைச் சிறுகச் சிறுகக் கரைத்து உணவோடு உடம்பில் சேர்த்துவிடும் என்பதையும், பாத்திரக்கடையில் நிறை பார்த்து வாங்குகிறவர்களில் மிகச் சிலரே நினைத்துப் பார்க்கிறார்கள். சிறிதளவு காரீயம் கலந்த வெள்ளீயத்தைக் கண்ணாலோ, கைப்பழக்கத்தாலோ, நாவின் ருசியாலோ அடையாளம் காண முடியாது. அதைத் திட்டமாகச் சொல்லக்கூடியவர், ஒரு பொருளில் இன்ன மூலகம் இத்தனை அளவு இருக்கிறது என்று அளந்து கூறுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட பகுப்பாய்வு ரசாயனி. புதியதொரு மருந்தையோ யந்திரத்தையோ கண்டுபிடித்தவருக்கு நாம் மாலை சூட்டுகிறோம். அளந்து சொல்லுகிறவரின் பெயரை அறிக்கையின் அடியில் உள்ள கையெழுத்தாகக்கூட நாம் படிப்பதில்லை. இது பெரும் குறை என்பது என் அபிப்பிராயம். அதற்குச் சாட்சியாக, காரீயத்தை அளப்பதிலேயே ஆயுளைச் செலவிட்ட அமெரிக்க ரசாயனி கிளேர் பாட்டர்சனுடைய சரித்திரத்தை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

1922-ல் ஐயோவா மாநிலத்தில் பிறந்த பாட்டர்சன், உலக யுத்தத்துக்குப் பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பாறைகளிலுள்ள யுரேனியம் கணக்குத் தவறாத கதியில் சிதைந்து காரீயமாக மாறுகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைந்து காரீயம் 206 ஆவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம் 235 பாதியாகக் குறைந்து காரீயம் 207 ஆவதற்குச் சுமார் 70 கோடி ஆண்டுகளும் பிடிக்கின்றன. ஆகவே ஒரு படிகத்தில் இரண்டு உலோகங்களும் இப்போது எவ்வளவு உள்ளன என்று அளந்துவிட்டால் அதன் வயது தெரிந்துவிடும். சிர்கான் என்னும் சின்னஞ்சிறு படிகங்களில் யுரேனியத்தை அளக்கும் வேலை ஜார்ஜ் டில்டன் என்ற சக மாணவருக்கும், காரீயத்தை அளக்கும் வேலை பாட்டர்சனுக்கும் ஒதுக்கப்பட்டன. வயது ஏற்கெனவே தெரிந்த பாறையையே முதலில் எடுத்துக்கொண்டதால், விடை சரிதானா என்று ஒத்துப்பார்க்க வழி இருந்தது. டில்டனுடைய கணக்குப் பொருந்திற்று. பாட்டர்சனுடைய கணக்கோ, இருக்கவேண்டியதைக் காட்டிலும் மிக மிக அதிகமான காரீயத்தைக் காட்டியது; திரும்பச் செய்தாலும் காட்டியது; ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு அளவாகவும் காட்டியது.

இந்த இடத்தில்தான் அளப்பவரின் தர்மம் வெளிப்படுகிறது. விரும்பிய விடைக்கு அருகில் வந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பிழையென்று ஒதுக்கிவிடும் சபலம் ஆய்வுக்கூடத்தில் எவருக்கும் வரும். பாட்டர்சன் அதற்கு இடம் கொடாமல், படிகமே இல்லாத வெறும் குப்பியை எடுத்து, அதே அமிலத்தை ஊற்றி, அதே தண்ணீரில் கழுவி, அதே படிகளை ஒன்றுவிடாமல் செய்து, ஒன்றுமில்லாததில் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று அளந்தார். ஆய்வுக்கூடங்களில் ‘பிளாங்க்’ என்று வழங்கும் வெற்றுச் சோதனை இதுவே. காரீயம் தண்ணீரில் இருந்தது, அமிலத்தில் இருந்தது, கண்ணாடிக் குப்பியில் இருந்தது, காற்றில் மிதக்கும் தூசியில் இருந்தது, அளப்பவருடைய தலைமயிரிலும் தோலிலும் இருந்தது. அமிலங்களை மீண்டும் மீண்டும் வடித்துச் சுத்தம் செய்தும், பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தும், தரையையும் மேசைகளையும் ஓயாமல் கழுவியும், வடிகட்டிய காற்றையே உள்ளே செலுத்தியும் அந்த வெற்றளவைக் குறைப்பதிலேயே அவருக்கு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் பாசடீனாவிலுள்ள கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அமைத்துக்கொண்ட ஆய்வுக்கூடம், காரீயத்தைப் பொறுத்தமட்டில் அக்காலத்தில் உலகிலேயே மிகத் தூய்மையான இடங்களுள் ஒன்றாக இருந்தது. நூல் எழுதாமல், சொற்பொழிவு நிகழ்த்தாமல், தரை கழுவுவதில் கழிந்த இந்த ஆண்டுகளையே அவருடைய வாழ்க்கையின் மகத்தான பகுதியாக நான் கருதுகிறேன்.

அரிஸோனா மாநிலத்துப் பெருங்குழியை உண்டாக்கிய கேன்யன் டையாப்ளோ விண்கல்லில், யுரேனியம் ஏறக்குறைய இல்லாத ஒரு கனிமம் உண்டு. யுரேனியம் இல்லாத காரணத்தால் அதிலுள்ள காரீயம் சூரியமண்டலம் தோன்றிய நாளில் இருந்தபடியே மாறாமல் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, 1953-ல் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து, மற்ற விண்கற்களின் காரீயத்தோடு ஒப்பிட்டுப் பூமியின் வயதை அவர் நிர்ணயித்தார். முடிவு கிடைத்ததும் ஐயோவாவிலிருந்த தாயாரின் வீட்டுக்குப் போனவர், நெஞ்சு படபடத்ததை மாரடைப்பென்று எண்ணி, தம்மை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னாராம். 1956-ல் அச்சில் வந்த அந்தக் கணக்கு 455 கோடி ஆண்டுகள். ஏழு கோடி முன்பின் இருக்கலாம் என்று அவரே எல்லை குறித்திருந்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் அந்த எல்லைக்குள்ளேதான் விஞ்ஞானம் நிற்கிறது.

வேறொருவராயிருந்தால் அந்தப் புகழோடு அமைதி கொண்டிருப்பார். ஆனால் தம் குப்பிகளை அசுத்தப்படுத்திய காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பாட்டர்சனை விடவில்லை. கடலின் மேல்மட்ட நீரில் அடிமட்டத்தைவிட அதிகமாக அது இருக்கக் கண்டார். ஆகவே அது அண்மைக் காலத்தில் ஆகாயத்திலிருந்து இறங்கியதாக இருக்கவேண்டும். கிரீன்லாந்தின் பனியை வெட்டியெடுத்துத் தம் குழுவினரோடு அளந்தபோது, கி.மு. 800-ஐ ஒட்டிய பனியைக் காட்டிலும் 1965-ன் பனியில் இருநூறு மடங்குக்கு மேல் காரீயம் இருந்ததும், 1940-க்குப் பின்னரே அது மிகச் செங்குத்தாக ஏறியதும் தெரியவந்தன. மோட்டார் எஞ்சின் இடியாமல் ஓடுவதற்கென்று 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்து, பின்பு பெட்ரோலில் கலக்கப்பட்டு வந்த காரீயக் கூட்டுப்பொருளே இதற்குப் பெருங்காரணம்.

அதைத் தயாரித்த கம்பெனியின் மருத்துவ ஆலோசகராயிருந்த ராபர்ட் கீஹோ, காரீயம் மனித உடம்பில் இயற்கையாகவே இருப்பது, ஒரு வரம்பைத் தாண்டாதவரை அபாயமில்லை என்று பல்லாண்டு காலம் வாதித்து வந்தார். மோட்டார் வாகனம் எட்டாத மெக்ஸிகோ கிராமத்தவர்களிடமும் காரீயம் இருந்ததை அவர் சான்றாகக் காட்டினார். கீஹோ பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிராமத்தவர்கள் உண்ட பாத்திரங்களின் மெருகிலேயே காரீயம் இருந்தது. ஒப்பீட்டுக்காக அவர் தேர்ந்த வெற்றுக் குப்பி வெறுமையாக இல்லை! 1965-ல் பாட்டர்சன் வெளியிட்ட கட்டுரை இந்த அஸ்திவாரத்தையே பெயர்த்தது. எல்லோரிடமும் காணப்படுவது வேறு, இயற்கையில் இருக்கவேண்டியது வேறு என்றும், அமெரிக்கர் ரத்தத்தில் அப்போது சாதாரணமாகக் காணப்பட்ட காரீயம் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு தேசத்தின் ஜனங்கள் அனைவருமே நோய்ப்பட்டிருக்கும்போது, அவர்களில் ஒருவரை ஆரோக்கியத்துக்கு அளவுகோலாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

இதற்கு அவர் விலை கொடுக்கவேண்டி வந்தது. ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த பெட்ரோலியத் தொழிலின் பணம் நின்றது. காற்றிலுள்ள காரீயத்தைப் பற்றி ஆராய அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் நியமித்து, 1971-ல் அறிக்கை தந்த குழுவில், அதை அவரளவுக்கு நுட்பமாக அளந்தறிந்தவர் அநேகமாக எவரும் இல்லாதிருந்தும், அவருக்கு இடமளிக்கப்படவில்லை. அவர் அளப்பதை நிறுத்தவில்லை. 1980-ல் டோரதி செட்டிலும் அவரும் சூரைமீனை அளந்து வெளியிட்ட முடிவு என்னை எப்பொழுதும் வியப்பில் ஆழ்த்துவது. புதிய மீனின் சதையில் கிராமுக்கு 0.3 நானோகிராம் காரீயமே இருக்க, வேறு ஆய்வுக்கூடம் அதை 400 நானோகிராம் என்று அளந்திருந்தது. மீனில் இயற்கையாகவே அவ்வளவு இருப்பதாக நம்பப்பட்டதால், காரீயப் பற்றுவைத்த தகரடப்பாவிலிருந்து அதற்குள் இறங்கிய நஞ்சு பல ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆய்வுக்கூடத்தின் அசுத்தம் டப்பாவின் குற்றத்தை மறைத்துவிட்டது.

அமெரிக்காவில் 1970-களிலிருந்து பெட்ரோலில் காரீயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் 100 மில்லிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமாக இருந்த அமெரிக்கர்களின் சராசரி ரத்தக் காரீயம், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.8 ஆக இறங்கியது. சாலை வாகனங்களுக்கான காரீயப் பெட்ரோல் அங்கே முற்றிலும் தடைசெய்யப்பட்ட நாள் 1996 ஜனவரி 1. பாட்டர்சன் அதற்கு நான்கு வாரங்களுக்குள் முன்பாக, 1995 டிசம்பர் 5-ல் காலமானார். நம் இந்தியாவில் அந்தப் பெட்ரோலின் விற்பனை 2000-ம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது.

பெட்ரோல் போயிற்றென்று காரீயம் நம்மை விட்டுப் போய்விடவில்லை. மஞ்சள்தூளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட்டைக் கலக்கும் மோசடி நம் உபகண்டத்தில் பன்முறை பிடிபட்டிருக்கிறது. நம் நாட்டின் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாகாது. அதாவது நூறு கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு. இத்தனை நுண்ணிய எல்லையில் கழுவாத குப்பியும், தரங்குறைந்த அமிலமும், ஜன்னல் வழி வரும் தெருத்தூசியும் நல்ல நீரைக் கெட்டதாகக் காட்டலாம். வெற்றளவே மிகுந்திருந்து அதைக் கழித்துவிடும்போது, கெட்ட நீர் நல்லதாகவும் தோன்றலாம். லட்சக்கணக்கில் விலை கொடுத்து யந்திரத்தை வாங்கிவிட்டு, தூய அமிலத்துக்கும், தூசியற்ற அறைக்கும், பொறுமையாக உட்கார்ந்து அளக்கக்கூடிய ரசாயனியின் நிரந்தர உத்தியோகத்துக்கும் பணமில்லை என்று சொல்லும் ஆய்வுக்கூடம், கொடுத்த விலையை வீணாக்குகிறது என்றே சொல்லவேண்டும்.

ஆதலால் அதிகாரிகளுக்கு நான் விடுக்கும் விண்ணப்பம் இது: குடிநீரையும் உணவுப்பண்டத்தையும் பற்றிய ஒவ்வோர் அறிக்கையிலும், காரீயத்தின் அளவுக்குப் பக்கத்திலேயே, அன்றைய தினம் வெற்றுக் குப்பியில் கிடைத்த அளவையும் அச்சிடச் செய்யுங்கள். வாசகர்களே, உங்கள் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெறும்போது, ‘பிளாங்க் எவ்வளவு?’ என்று அந்த ரசாயனியைக் கேளுங்கள். நேர்மையாக அளப்பவர் அந்தக் கேள்வியால் மகிழ்ச்சியே கொள்வார்.