வானத்தில் விளக்கு அணைந்தால்...

ராத்திரி வேளையில் வீட்டில் மின்சாரம் போனால் என்ன நடக்கிறது? "மெழுகுவத்தி எங்கே?" என்று ஒரு குரல், "தீப்பெட்டி எங்கே?" என்று இன்னொரு குரல், யாராவது ஒருவர் நாற்காலியில் இடித்துக்கொள்வார். அவ்வளவுதான். காலுக்குக் கீழே தரை பத்திரமாக இருக்கிறது. தரையே இல்லாத இடத்தில், ஒரு சின்ன விமானத்தில் தன்னந்தனியாக இருக்கும்போது இப்படி ஆனால்?

ஆகியிருக்கிறது. ஜிம் லவல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1970 ஏப்ரலில் சந்திரனுக்குப் புறப்பட்ட அப்போலோ 13 வழியில் பழுதாகி, மூன்று பேரும் உயிரோடு திரும்பி வந்தார்களே, அந்தப் பயணத்தின் தலைவர். 1950களின் நடுவில் அவர் அமெரிக்கக் கடற்படையில் இளம் விமானி. கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஜப்பானை அடுத்த கடலில், 'ஷாங்ரி-லா' என்ற கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒரு ராத்திரி கிளம்பினார். ஒரே ஆள் உட்காரக்கூடிய 'பான்ஷீ' ஜெட் விமானம்.

திரும்பும்போது கப்பலைக் காணோம். வழிகாட்ட வேண்டிய ரேடியோ ஏமாற்றிவிட்டது. கரையிலிருந்த வேறொரு நிலையம் அதே அலைவரிசையில் ஒலித்து அவரைத் தப்பான திசைக்கு இழுத்திருந்தது. மடியிலிருந்த குறிப்பைப் படிக்கலாமென்று, தாமே செய்து வைத்திருந்த குட்டி விளக்கு ஒன்றைச் செருகினார். அவ்வளவுதான்! உள்ளே இருந்த அத்தனை விளக்கும் அணைந்துபோயின.

கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் கீழே கடலின் மேல் அது தெரிந்தது. பச்சையாக, நீளமாக, மினுமினுவென்று ஒரு கோடு. கப்பலின் அடியிலிருந்த சுழலிகள் கடைந்துவிட்ட தண்ணீரில் நுண்ணுயிர்கள் ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. (2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஜொலித்ததை ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்களே, அதே ஜாதி அதிசயம்.) கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். அதன் முனையில் கப்பல்! உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த மங்கல் ஒளி கண்ணில் பட்டே இருக்காது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா விமானிக்கும் சமுத்திரராஜன் விளக்கேற்றி வைப்பானா?

விமானம் ஓட்டப் பழகுகிறவர்களில் பலர் ஏறுவது 'செஸ்னா 172' போன்ற, நாலு பேர் உட்காரும் விமானத்தில். மின்சாரம் போனாலும் அதன் எஞ்சின் நிற்காது. 'மாக்னெட்டோ' என்ற சாதனம், எஞ்சின் சுழலச் சுழலத் தீப்பொறியைத் தானே உண்டாக்கும். பழைய மொபெட் பாட்டரியில்லாமல் ஓடவில்லையா, அப்படித்தான். விமானத்தில் இது ஒன்றுக்கு இரண்டாக உண்டு. பழைய மாதிரிகளில் வேகமும் உயரமும் காட்டும் முட்களைக் காற்றின் அழுத்தமே நகர்த்துகிறது. எனவே பறப்பதற்குக் குறைவில்லை. பதறிப்போய், விமானத்தை ஓட்டுவதை விட்டுவிட்டு விளக்கை நோண்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

பெரும்பாலும் எல்லாம் ஒரேயடியாகப் போவதுமில்லை. மின்சாரம் உண்டாக்கும் 'ஆல்டர்னேட்டர்' முதலில் படுத்துவிடும். அப்புறம் பாட்டரி ஏதோ அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். கிழட்டுப் பாட்டரியானால் அதுவும் இல்லை. இன்வர்ட்டரில் வீடு ஓடும்போது மிக்ஸியை நிறுத்தி, ஒரு விசிறி, ஒரு விளக்கு என்று சுருக்கிக்கொள்கிறோமே, அதையேதான் விமானியும் செய்ய வேண்டும். இந்த வித்தையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். லவலும் அப்போலோவில் பூமிக்குள் நுழையும் நேரத்துக்கென்று பாட்டரியைக் கட்டிக் காத்துத்தான் வந்து சேர்ந்தார்.

அந்தச் சேமிப்பை எதற்குச் செலவிடுவது? முதலில் ரேடியோவுக்கு. அமெரிக்காவில் பல சிறிய விமான நிலையங்களில் ராத்திரி ஆளே இருக்கமாட்டார்கள். விமானி மேலேயிருந்து மைக்கின் பொத்தானை ஐந்து விநாடிக்குள் ஏழு தடவை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் பிரகாசமாக எரியும். ரேடியோ செத்துப்போனால் அந்த நிலையம் கண்ணுக்கே தெரியாது! ஆகவே கோபுரத்தில் ஆள் விழித்திருக்கும் பெரிய நிலையத்துக்குப் போவது உத்தமம். அங்கே விசேஷ விளக்கால் ஜாடை காட்டுவார்கள். நிலையான பச்சை தெரிந்தால் இறங்கலாம். நிலையான சிவப்பு தெரிந்தால் வேறு விமானத்துக்கு வழிவிட்டு இன்னொரு சுற்று. 'சரி' என்று பதில் சொல்லத்தான் இவரிடம் விளக்கு இல்லை.

முகப்பு விளக்கில்லாமல் இறங்குவதைப் பல ஆசிரியர்கள் மாணவர்களுக்குப் பழக்கியே வைக்கிறார்கள். தரையைத் தேடாமல், பாதையின் இரண்டு பக்கத்து விளக்கு வரிசைகளைப் பார்க்க வேண்டும். அவை விரிந்து நம் கண்மட்டத்துக்கு எழும்பும்போது மூக்கைச் சற்றே தூக்கி, எஞ்சினுக்குக் கொஞ்சம் விசை கொடுத்தபடியே சக்கரம் தொடக் காத்திருக்க வேண்டும். இறக்கை மடல்களும் மின்சாரத்தில் இயங்குபவை. ஆகையால் வேகம் சற்று அதிகமாயிருக்கும், நீளமான பாதை வேண்டும். கருவிகளைப் பார்க்க டார்ச் லைட் போதும். ஆனால் அது பைக்குள் பின் ஸீட்டில் கிடந்தால் யாருக்குப் பிரயோஜனம்? கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. வெளிச்சம் மங்கலாயிருப்பது நல்லது. பளீரென்ற வெள்ளை ஒளி பட்டால், கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி ஆகும்.

சக்கரம் தொட்டவுடன் 'அப்பாடா' என்று நடுவிலே நின்றுவிடக் கூடாது. பின்னால் இறங்கி வருகிற விமானத்துக்கு, விளக்கில்லாத இந்த விமானம் அங்கே நிற்பதே தெரியாது. பாதையை விட்டு ஒதுங்கி, அப்புறம் மூச்சு விடலாம்.