இரண்டு விநாடி ஓசை

வடாலா டிரக் டெர்மினஸ் அருகே ஒரு ஞாயிறு காலை என் கார் நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. முதலில் வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பெட்ரோல் பம்ப் போச்சு சார். எட்டாயிரம் ஆகும்." எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பழைய பியட் டாக்சிகளின் காலத்தில் இது சின்ன விவகாரம். பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும்; எஞ்சின் சுழற்சியே அதை இயக்கும். வெயிலில் வண்டி மக்கர் செய்தால் டிரைவர் பம்பின் மீது ஈரத்துணியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தால் வண்டி கிளம்பிவிடும். அந்த டாக்சிகள் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் என்பது டாங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் மின்மோட்டார். கண்ணுக்குத் தெரியாத உறுப்பு என்பதால் அதன் மீது பழி போடுவது சுலபம்.

அன்று என்னைக் காப்பாற்றியவர் ஆன்டாப் ஹில்லில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, "பேசாம காதைக் குடுங்க சார்" என்றார். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார். நல்ல பம்ப் என்றால் சுமார் இரண்டு விநாடி முனகிவிட்டு நிற்கும். எஞ்சின் சுழலவில்லை என்றால் காரின் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்திவிடும்; விபத்தின்போது பெட்ரோல் பீய்ச்சாமலிருக்க இந்த ஏற்பாடு. என் வண்டியில் சத்தமே இல்லை.

சத்தம் இல்லாததாலேயே பம்ப் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. மின்சாரம் போகாமலும் இருக்கலாம். ஃபியூஸைப் பார்த்தார். ரிலேயைக் கழற்றி, பக்கத்திலிருந்த அதே வகை ரிலேயை மாட்டிப் பார்த்தார். பின்சீட்டைத் தூக்கி, பம்புக்கு மின்சாரம் வரும் வயரில் டெஸ்ட் லேம்பை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். பாடியில் எர்த் கொடுத்தபோது விளக்கு எரிந்தது. பம்பின் சொந்த எர்த் வயரில் கொடுத்தபோது எரியவில்லை. மழைத்தண்ணீர் பட்டு எர்த் முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி இறுக்கினார். கூலி நூற்றைம்பது ரூபாய்.

புதுப் பம்ப் போட்டிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்காது. டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு எட்டாயிரம் என்பது பல நாள் சம்பாத்தியம்.

பம்பே பழுதாவதும் உண்டு. முனகல் கேட்டாலும் அழுத்தம் போதாமல் இருக்கலாம். அதை கேஜ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்கள் அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

சில சமயம் கோளாறு பிறவியிலேயே வரும். 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும், 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களையும் பம்ப் கோளாறு இருக்கலாம் என்று திரும்ப அழைத்தன. மாற்றித்தரும் செலவு நிறுவனத்துடையது. ஆனால், கைமாறிய வண்டியின் புது உரிமையாளருக்கு அந்தத் தகவல் போய்ச் சேராமல் போகலாம். காசு கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணை நிறுவனத்திடம் சொல்லி விசாரிப்பது நல்லது. என் வண்டிக்கு அப்படி எந்த அழைப்பும் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். வாக்கியம் ஓடவில்லை என்றால் பெரிய சொல்லைத்தான் முதலில் மாற்றத் தோன்றும். கடைசியில் பார்த்தால் ஒரு வேற்றுமை உருபு விடுபட்டிருக்கும். அடுத்த முறை யாராவது "பம்ப் போச்சு" என்றால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கேள்விக்குக் காசில்லை.