செயின் கழன்ற இடத்தில்

குரோம்பேட்டையிலிருந்து கிண்டி ஆபீசுக்குத் தினமும் சைக்கிளில் போகிறேன் என்றால், "ஐயோ பாவம்!" என்பீர்கள். சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கிப் போகத் தெரிந்தால் போதும்.

சென்ற வாரம் மீனம்பாக்கம் அருகே செயின் கழன்றுவிட்டது. கையெல்லாம் கிரீஸும் முகமெல்லாம் அசடுமாக நான் நின்றபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் வந்த ஓர் அம்மாள் இறங்கினார். வயது ஐம்பதுக்கு மேல். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குச்சியால் செயினைப் பல்லில் ஏற்றிப் பெடலைச் சுற்றினார். சரியாகிவிட்டது!

"எங்கேம்மா கற்றுக்கொண்டீர்கள்?"

"புதுக்கோட்டையிலே, தம்பி. 1992லே, அறிவொளி இயக்கத்திலே."

எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது சைக்கிள் ஏறினார்கள். இந்த அம்மாள் இப்போது ஆலந்தூரில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறார்.

"2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாதே?" என்றேன்.

"பஸ் வர்ற நேரத்துக்கு நான் காத்துக் கிடக்கணும். சைக்கிள் நான் கூப்பிடற நேரத்துக்கு வருது, தம்பி!"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் என் மனைவி சைக்கிள் கற்றுத்தரச் சொன்னாள். "எதற்கு? நான்தான் இருக்கிறேனே!" என்று சிரித்தேன். பிறகு அவள் கேட்கவேயில்லை. கடைக்கு, டாக்டரிடம், தாய் வீட்டுக்கு என்று எங்கே போவதானாலும், என் ஆபீஸ் விடும் நேரம்தான் அவளுடைய நேரம்.

இந்த ஞாயிறு காலை இருவரும் மைதானத்துக்குப் போகிறோம். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடப்போகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்களேன்!