செவ்வாயில் நிறை குறையுமா?

செவ்வாய்க் கிரகத்திற் போய் நின்றால் மனிதனுடைய நிறை குறையுமா, குறையாதா? ஈச்சிலம்பற்றிலே கல்வி பயிலும் மாணாக்கனை வினவுக, குறையும் என்பான். இராமநாதபுரத்து மாணாக்கனை வினவுக, குறையாது என்பான். இருவரும் தத்தம் பாடநூலைப் பழுதறக் கற்றவரே. இருவர் விடையும் சரியே. பழுது நம் கலைச்சொல்லிற் கிடக்கின்றது.

ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவை ஈழத்துப் பாடநூல்கள் ‘திணிவு’ என்கின்றன. அப்பொருளைக் கோள் தன்பால் இழுக்கும் விசையை ‘நிறை’ என்கின்றன. தமிழகத்தாரோ முன்னதை ‘நிறை’ என்றும் பின்னதை ‘எடை’ என்றும் வழங்குவர். இவ்விரண்டனுள் ஒன்று மாறாதது. மற்றையது கோளுக்குக் கோள் மாறுவது. 50 கிலோகிராம் திணிவுடைய ஒருவனைப் பூமி ஏறக்குறைய 490 நியூற்றன் விசையோடு இழுக்கின்றது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் நூற்றுக்கு 38 பங்கே ஆதலின், அங்கே அவ்விசை 185 நியூற்றன் அளவிற்குச் சுருங்கும். இங்கிருந்து கொண்டுபோன விற்றராசிலே தொங்கினால் அது 19 கிலோகிராம் என்று காட்டும். ஆயினும் அவனுடம்பில் அணுவளவும் தேய்ந்திலது. மீன் வாடியிலுள்ள இருதட்டுத் தராசைக் கொண்டுபோனாலோ, அது பூமியிற் காட்டியதையே அங்கும் காட்டும். மீனோடு படிக்கல்லும் இலேசாகிவிடுமன்றோ! நெல்லை மரைக்காலால் அளந்த நம் முன்னோர்க்கு இத்தொல்லையே இல்லை. மரைக்கால் எங்கும் மரைக்காலே.

‘நிறு’ என்னும் அடியிற் பிறந்தது நிறை. நிறைகோல் தட்டுக்குத் தட்டு ஒப்பிடுவது உண்மையில் திணிவையே; ஆதலால் தமிழகத்து வழக்குக்கு நியாயம் உண்டு. எம் ஊரில் நிறை என்றால் பாரம் என்றே எவரும் கொள்வர். ஆதலால் எமது வழக்குக்கும் நியாயம் உண்டு. இருபாலும் நியாயமுடைய சொல் சந்தைக்கு ஆகும்; சாத்திரத்துக்கு ஆகாது. ஈழத்தார் ‘நிறை’யை விட்டு ‘எடை’யைக் கொள்க, தமிழகத்தார் ‘நிறை’யை விட்டுத் ‘திணிவை’க் கொள்க. எடுக்கும்போது கை உணர்வது எடை என்பது பொருத்தமே. திணிவு என்றதும் செறிவு நினைவுக்கு வரும் என்பாரும் உளர். செறிவுக்கு ‘அடர்த்தி’ என்ற சொல்லை இரு நாட்டாரும் ஒருப்பட்டு வழங்குகின்றமையின், அத்தடை நில்லாது.

இது பண்டிதர்கள் பொழுதுபோக்காக நிகழ்த்தும் சொற்போர் அன்று. இந்நாளிற் கைத்தொலைபேசியிலே தமிழகத்து ஆசிரியரின் பாடத்தைக் கேட்டு வளரும் பிள்ளைகள் எம் பகுதியிலும் உளர். ‘நிறை மாறாது’ என்று அங்கே செம்மையாகக் கற்றதைச் சாதாரணதரப் பரீட்சையில் எழுதினால் புள்ளி போய்விடும். பட்டினத்துப் பிள்ளைக்கு அதனை எடுத்துக்காட்டித் திருத்துவார் பலர். வெருகலாற்றுக்கு அண்மையில் தனியே இருந்து படிக்கும் பிள்ளைக்கு யார் உளர்?

அச்சிட்ட நூல்களை என்செய்வது என்பர். அடுத்த பதிப்பு வருமளவும் இரண்டு சொற்களையும் அருகருகே அச்சிட்டாற் போதும். வினாத்தாளிலும் அவ்வாறே செய்யலாம். நாம் பௌதிகவியல் என்பதும் அவர்கள் இயற்பியல் என்பதும் கிடக்கட்டும்; அதனால் எந்தப் பிள்ளையும் பிழையான விடை எழுதுவதில்லை.