டாக்டர் பட்டத்துக்குச் சீமைக்குப் போவதா?

போடி, கம்பம், கூடலூர் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும், தேனி, ஆண்டிபட்டி மில் தொழிலாளரின் பிள்ளைகளும் இன்று எம்.எஸ்ஸி. வரை படித்து நிற்கிறார்கள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் காய் எடுக்கப் போன தாய்மார்களின் கூலியில் படித்த படிப்பு இது. இவர்களில் ஒருவர், "அந்நிய நாட்டில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன்" என்றால் வீட்டில் இரண்டு குரல் எழுகிறது. போனால் திரும்பி வரமாட்டான் என்பது ஒன்று. வீட்டை விற்றாவது அனுப்பு என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத்தில் பிறக்கும் பேச்சு.

கண்ணாடிக் கதவு போட்ட அறையில் உட்கார்ந்திருக்கும் தரகர்கள் விற்பது பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. அதற்குப் பணம் நாம் கட்ட வேண்டும். கடன் தலைக்கு மேல் போகும். டாக்டர் பட்ட ஆராய்ச்சி வேறு சங்கதி. ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவர் பலரை ஊழியராகவே நியமித்துச் சம்பளம் தருகிறார்கள். அமெரிக்காவில் பல சர்வகலாசாலைகள் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, வகுப்பு எடுப்பதற்கும் ஆய்வுக்கூட வேலைக்கும் பணம் தருகின்றன. ஆகவே வருகிற கடிதத்தில் சம்பளம் எழுதியிருந்தால் போகலாம். கட்டணம் எழுதியிருந்தால் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்!

இங்கேயே ஆராய்ச்சி செய்யலாமே என்றால், நெட் பரீட்சையில் தேறி ஜே.ஆர்.எப். வாங்கியவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உண்டு. அது கிடைக்காத பிள்ளைகள் பலர் டியூஷன் எடுத்துத்தான் ஆராய்ச்சியை ஓட்டுகிறார்கள்.

அம்பேத்கர் 1913ல் பரோடா மன்னர் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் நியூயார்க் போனார். கொலம்பியா சர்வகலாசாலையில் 1916ல் அவர் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருக்கையில் உதவி முடிந்துபோகவே, 1917ல் பாதியில் திரும்பினார். சீமை கண்ட அந்த மனிதருக்குப் பரோடாவில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. மறுபடி 1920ல் லண்டன் போய்த்தான் படிப்பை முடித்தார்.

அவர் இன்று மனுப் போட்டால் என்ன ஆகும்? மத்திய சமூக நீதி அமைச்சகம் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளம் என்று ஒன்று வைத்திருக்கிறது. இந்தியப் பண்பாடு, சரித்திரம், இந்தியச் சமூகம் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்த உதவி கிடையாது என்று 2022ல் விதி போட்டார்கள். இவற்றைப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதாம்! சாதியைப் பற்றி எழுதிய அம்பேத்கரின் மனு முதல் மேஜையிலேயே திரும்பியிருக்கும்.

அந்தத் திட்டத்தில் இந்த நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். தாழ்த்தப்பட்டோருக்கு 115, சீர்மரபினர், நாடோடி இனத்தாருக்கு 6. நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து 4. ஆம், நான்கே! உத்தமபாளையம் தாலுகாவில் ஊருக்கு ஒன்று என்றால்கூடப் போதாது. 2025ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்து, ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேரிடம், நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். சர்வகலாசாலை திறக்கும் தேதி நிதிக்காகக் காத்திருக்குமா?

போன இடத்தில் எல்லாம் இன்பம் என்றும் நினைக்க வேண்டாம். விசாவும் சம்பளமும் வழிகாட்டும் பேராசிரியர் கையில் இருக்கும். மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா சர்வகலாசாலையில் 2022 நவம்பரில் ஆராய்ச்சி மாணவர்கள் உள்ளிட்ட 48,000 பேர், வாங்குகிற சம்பளம் வீட்டு வாடகைக்கே போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பரில் சம்பள உயர்வு பெற்றார்கள். நம் பிள்ளை அங்கே போனால், முதல் மாதமே சங்கம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கட்டும்.

எதை ஆராய்வது என்பதும் யோசிக்க வேண்டியது. ஏலச்செடியைக் கெடுக்கும் பேன்பூச்சியை ஆராய இடுக்கி மலையில் மைலாடும்பாறையில் நிலையம் இருக்கிறது. தோட்டப் பயிர்களுக்குப் பெரியகுளத்தில் கல்லூரி இருக்கிறது. ஆனால் அந்தப் பூச்சிக்கு மருந்தடிக்கிற தொழிலாளியின் நெஞ்சுக்கு என்ன ஆகிறது? அதை நியூயார்க்கில் உட்கார்ந்து எழுத முடியாது. இரத்தத்தில் விஷம் எவ்வளவு என்று அளக்கிற வித்தையை மட்டும் எந்த நாட்டில் கற்றால் என்ன? கற்றுக்கொண்டு இங்கே வரட்டும்.

"மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறார்கள்" என்று சிலர் ஆத்திரப்படுகிறார்கள். ஐ.ஐ.டி.யில் படித்த மேட்டுக்குடிப் பிள்ளைகள் விமானம் ஏறியபோது மாலை போட்டவர்களும் இவர்களே. கூலிக்காரர் மகள் புறப்படும்போதுதான் தேசபக்தி பொத்துக்கொண்டு வருகிறது. அவள் பட்டத்தோடு திரும்பி வந்தால் என்ன தருகிறார்கள்? அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்ற நிரந்தரமில்லாத வேலை. பிள்ளைகள் திரும்பவில்லை என்று திட்டுகிறவர்கள், முதலில் அந்தக் காலியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்கட்டும்.